எலியில் வேலை செய்த மருந்துக்காக அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 15 வயது. வலது தொடை எலும்பில், முட்டிக்குச் சற்று மேலே ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் என்று மூன்று மாதங்களுக்கு முன் சொன்னார்கள். நுரையீரல் ஸ்கேனில் எதுவும் இல்லை. கீமோ நடக்கிறது. இரண்டு வாரத்தில் அறுவை சிகிச்சை. இதற்கிடையில், கீமோவும் அறுவை சிகிச்சையும் இல்லாமலே எலிகளின் ஆயுளை 50 சதவீதம் கூட்டிய புது மருந்து என்று ஒரு செய்தி படித்தேன். அதிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. அந்த மருந்து வரும்வரை அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட முடியுமா? எலியில் பலித்ததை மனிதருக்கு ஏன் உடனே கொடுப்பதில்லை? தம்பியின் கட்டியையே எலிகளில் வைத்து, எந்த மருந்துக்குக் கேட்கிறது என்று பார்த்துவிட்டுக் கொடுக்க முடியாதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போடாதீர்கள். ரத்த அணுக்கள் ஏறவில்லை, காய்ச்சல் இருக்கிறது என்று மருத்துவரே நாளை மாற்றினால் அது வேறு. ஒரு செய்தியை நம்பி நீங்களாக மாற்ற வேண்டாம்.

நான் சிகிச்சை தரும் மருத்துவர் இல்லை. எலும்புப் புற்றுநோய்க்கான மருந்துகளைச் சுண்டெலிகளில் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை செய்பவன். நீங்கள் படித்தது போன்ற செய்திகள் எங்களைப் போன்றவர்களின் ஆய்வகங்களிலிருந்துதான் கிளம்புகின்றன. அதனால் அந்தச் செய்திக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை என்னால் சொல்ல முடியும்.

உங்கள் தம்பிக்கு இப்போது நடக்கும் சிகிச்சையை நீங்கள் குறைத்து எடைபோட்டுவிடக் கூடாது. கீமோ வருவதற்கு முன், இந்த நோய்க்குப் பெரும்பாலும் காலை எடுப்பதுதான் வழியாக இருந்தது. கட்டியை முழுவதுமாக எடுத்த பிறகும், பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு நோய் திரும்பியது. பெரும்பாலும் நுரையீரலில். அதாவது நுரையீரல் படம் சுத்தமாக இருந்த நாளிலேயே, படத்தில் தெரியாத அளவில் புற்றணுக்கள் அங்கே போய் உட்கார்ந்திருந்தன. 1970-களிலும் 80-களிலும் மெத்தோட்ரெக்சேட், டாக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின் ஆகிய மருந்துகள் சேர்ந்த பிறகு நிலைமை மாறியது. நோய் வெளிப்படையாகப் பரவாத நிலையில் சிகிச்சை தொடங்குபவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேர் இன்று ஐந்து ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். இந்தக் கணக்கு கீமோவும் அறுவை சிகிச்சையும் சேர்ந்தே நடந்தவர்களுக்கானது. ஒன்றை எடுத்துவிட்டால் கணக்கு நிற்காது. கண்ணுக்குத் தெரியாத அந்த நுரையீரல் அணுக்களை நினைவில் வைத்திருங்கள். எலிச் செய்திகளை எடைபோட அவைதான் அளவுகோல்.

நீங்கள் படித்தது இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்திலிருந்து 2023-ல் வந்த செய்தி என்று நினைக்கிறேன். சி.ஏ.டி.டி.522 என்ற மூலக்கூறு பற்றியது. எலும்பு உருவாவதை வழிநடத்தும் ரன்எக்ஸ்2 என்ற மரபணுவை, புற்றணுக்கள் தாங்கள் பரவுவதற்குப் பயன்படுத்திக்கொள்கின்றன. அதை இந்த மூலக்கூறு தடுக்கிறது. மனித எலும்புப் புற்றணுக்களை எலிகளில் வைத்துக் கொடுத்தபோது, புற்று பரவாமல் உயிரோடிருப்பது 50 சதவீதம் கூடியது. நல்ல ஆய்வு. எனக்கும் அதில் ஆர்வம் உண்டு. ஆனால் 50 சதவீதம் கூடியது என்றால் பாதி எலிகள் குணமாகிவிட்டன என்று பொருளல்ல. மருந்து பெறாத எலிகளோடு ஒப்பிட்டுச் சொன்ன கணக்கு அது.

அப்புறம், எலி ஆய்வில் ஆயுள் என்ற சொல்லையும் கவனமாகப் படிக்க வேண்டும். கட்டி குறிப்பிட்ட அளவை எட்டினாலோ, எலி காலை ஊன்ற முடியாமல் போனாலோ, எடை குறைந்தாலோ, அது வேதனைப்படும் முன் அதன் உயிரை வலியில்லாமல் முடித்துவிட வேண்டும் என்பது விதி. அந்த நாள் வரைக்குமான காலம்தான் பெரும்பாலும் ஆயுள் என்று அச்சாகிறது. எலும்புக் கட்டி எலிக்கும் கடுமையாக வலிக்கும். அதனால் நொண்டுகிறதா என்று தினமும் பார்த்துக் குறித்துவைப்பதும், வலிமருந்து கொடுப்பதும் எங்கள் வேலையின் பெரும்பகுதி. சில வாரங்கள் கூடுதலாக நடமாடிய எலி விஞ்ஞானத்துக்கு மிகவும் முக்கியமானது. ஆனால் அதை வைத்து ஒரு பையனின் அறுவை சிகிச்சை நாளை முடிவு செய்ய முடியாது. அந்த ஆய்வுக் குழுவே, அடுத்தது முறையான நச்சுத்தன்மைச் சோதனை, அதற்குப் பிறகுதான் மனிதர்களிடம் சோதிக்க அனுமதி கேட்பது என்று அப்போது சொன்னது. ஒரு மூலக்கூறு அந்தப் பாதையைக் கடக்கப் பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகும். உங்கள் தம்பிக்கு இருப்பது வாரங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. எலியில் பலித்தது மனிதரிடம் ஏன் அப்படியே பலிப்பதில்லை? அதற்கு, எலிக்கு எலும்புப் புற்று எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் எலிகளுக்குப் பெரும்பாலும் அது தானாக வருவதில்லை. நாங்கள் வரவைக்கிறோம். எந்த வழியில் வரவைத்தோம் என்பதைப் பொறுத்தே விடைக்கு மதிப்பு.

பழைய வழி, மனிதக் கட்டியை எலிக்குள் வைப்பது. சாதாரண எலியின் நோய் எதிர்ப்புச் சக்தி அதை அந்நியமாகப் பார்த்து அழித்துவிடும். 1962-ல் கிளாஸ்கோவில் ரோமமில்லாத ஓர் எலி வகை தற்செயலாகக் கண்ணில் பட்டது. அதற்குத் தைமஸ் சுரப்பி இல்லை, அதனால் அந்நியமானதைத் தாக்கும் டி அணுக்கள் என்ற எதிர்ப்பு அணுக்களும் இல்லை என்று சில ஆண்டுகள் கழித்துத் தெரியவந்தது. 1969-ல் டென்மார்க்கில் ஒரு மனிதக் கட்டியை அந்த எலியில் வளர்த்துக் காட்டினார்கள். புற்றுநோய் மருந்து ஆராய்ச்சியின் பெரும்பகுதி அங்கிருந்து கிளைத்ததுதான். இன்று அதைவிடவும் எதிர்ப்புச் சக்தி குறைந்த எலிகள் இருக்கின்றன. வசதிதான். ஆனால் உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டி வேலை செய்யும் மருந்தை, எதிர்ப்புச் சக்தியே இல்லாத எலியில் எப்படிச் சோதிப்பது? அந்த வகை மருந்துகளுக்கு எலியின் சொந்த ஆஸ்டியோசர்கோமா அணுக்களை, அதே இனத்தைச் சேர்ந்த, எதிர்ப்புச் சக்தி உள்ள எலியில் வைக்கிறோம். அதில் வேறு சிக்கல்: கட்டியும் எலியுடையது, மனிதருடையது இல்லை.

இன்னொரு வழி மரபணுவை மாற்றுவது. பி53, ஆர்பி என்ற இரண்டு காவல் மரபணுக்கள் மனித ஆஸ்டியோசர்கோமாவில் அடிக்கடி பழுதாகிக் கிடப்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்திருந்தார்கள். பரம்பரையாக இவற்றில் ஒன்று பழுதாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பும் அதிகம். 2008-ல் இரண்டு குழுக்கள், எலும்பாக மாறப்போகும் அணுக்களில் மட்டும் இந்த மரபணுக்களை நீக்கின. எலிகளுக்கு ஆஸ்டியோசர்கோமா வந்தது, மனிதரில் போலவே பல எலிகளில் பரவவும் செய்தது. நோய் எங்கே தொடங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல எலி இல்லை.

இதே வழியை ஈவிங் சர்கோமா என்ற இன்னொரு எலும்புப் புற்றில் முயன்றவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். அந்த நோய் பெரும்பாலும் 11-ஆவது, 22-ஆவது குரோமோசோம்கள் உடைந்து துண்டுகள் இடம் மாறி ஒட்டுவதால் உருவாகும் ஓர் இணைப்பு மரபணுவால் வருகிறது. 1992 முதல் இது தெரியும். அந்த ஒரு மரபணுவை எலிக்குக் கொடுத்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் உண்மையான ஈவிங் சர்கோமா எலியில் வர மறுக்கிறது. அந்த இணைப்புப் புரதம் மனித டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் சில எழுத்துத் தொடர்களைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறது. எலியின் டி.என்.ஏ.வில் அதே இடங்களில் அந்தத் தொடர்கள் இல்லை. இது ஒரு முக்கியமான காரணம். எனவே ஈவிங் மருந்துகளுக்கு இன்றும் மனிதக் கட்டியை எலியில் வைப்பதையே நம்பியிருக்கிறோம்.

சரி, கட்டியை எங்கே வைக்கிறோம்? நான் எந்த எலி ஆய்வைப் படித்தாலும் முதலில் தேடுவது இதைத்தான். தோலுக்கடியில் வைப்பது சுலபம். வெளியிலிருந்தே அளவுகோலால் அளந்துவிடலாம். ஆனால் எலும்புப் புற்று எலும்பைத் தின்று, அங்கிருந்து வெளிவரும் வளர்ச்சிப் பொருள்களில் கொழுத்து வளர்வது. தோலுக்கடியில் எலும்பு ஏது? நல்ல ஆய்வில் எலியின் கீழ்க்கால் எலும்புக்குள் ஊசியால் அணுக்களைச் செலுத்துவார்கள். மின்மினியின் ஒளிர்மரபணுவை முன்கூட்டியே அந்த அணுக்களுக்குக் கொடுத்துவிட்டால், அவை நுரையீரலுக்குப் போகும்போது கேமராவில் ஒளியாகத் தெரியும்.

நான் மிகவும் மதிக்கும் ஆய்வுமுறை இது: எலும்புக்குள் கட்டியை வளர்த்து, மனிதருக்குச் செய்வதுபோல அந்தக் காலை அகற்றி, அதன் பிறகு மருந்தைத் தொடங்கி, நுரையீரலில் நோய் வருகிறதா என்று காத்திருப்பது. உழைப்பு அதிகம், நாள் பிடிக்கும், அதனால் குறைவாகவே செய்கிறார்கள். ஆனால் உங்கள் தம்பியின் நிலைமையை ஒத்த கேள்வியை எலியிடம் கேட்பது இந்த முறைதான். அவனுடைய முட்டிக் கட்டியை அறுவை சிகிச்சை நிபுணர் எடுத்துவிடுவார். அதைச் சுருக்குவது மட்டும் போதாது. நுரையீரலில் ஒளிந்திருக்கக்கூடிய அணுக்களைப் பார்த்துக்கொள்ளும் மருந்துதான் நமக்கு வேண்டும். தோலடிக் கட்டி சுருங்கியது என்ற செய்தி அதைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே சொல்வதில்லை.

மருந்தின் அளவும் ஏமாற்றும். எலியின் எடை 20 முதல் 30 கிராம். அதன் உடல் மருந்தை வேகமாகச் செரித்து வெளியேற்றும். எலிக்கு ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்று கொடுத்ததை மனிதருக்கு மாற்ற, சுமார் 12-ஆல் வகுப்பது வழக்கம். அப்படியும் கணக்கு தவறும். ஐரினோட்டீகான் என்ற மருந்து உடலுக்குள் போய் வேறொரு வடிவமாக மாறிய பிறகுதான் புற்றணுவைத் தாக்கும். எலியின் ரத்தத்திலேயே அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி ஏராளமாக இருக்கிறது. மனித ரத்தத்தில் அப்படி இல்லை. எலியில் அது வீரியமாகத் தெரிவதற்கு எலிதான் பாதிக் காரணம்.

இன்னொன்று என்னை இன்றும் வருத்துகிறது. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆதரவில், குழந்தைகளின் புற்றுநோய்களுக்கென்றே எலிகளில் மருந்துகளைச் சோதிக்கும் ஒரு பொதுத்திட்டம் நடக்கிறது. அதில் எரிபுலின் என்ற மருந்து ஆஸ்டியோசர்கோமா கட்டிகளை அழகாகச் சுருக்கியது. எல்லோருக்கும் நம்பிக்கை. நோய் திரும்பி வந்தவர்களுக்குக் கொடுத்துச் சோதித்தபோது ஒருவருக்குக்கூடக் கட்டி சுருங்கவில்லை. அணுக்களுக்கு வளரச் சொல்லும் சமிக்ஞையை வாங்கும் ஐ.ஜி.எஃப்.-1 ஏற்பியைத் தடுக்கும் மருந்துகளும் எலிகளில் நன்றாக வேலை செய்தன. ஈவிங் நோயாளிகளில் பத்தில் ஒருவருக்குத்தான் பலன் தெரிந்தது, அதுவும் பலருக்கு நிலைக்கவில்லை.

எதிர்த்திசையிலும் எலி தவறவிடும். எலும்பின் ராட்சத அணுக்கட்டிக்கு டெனோசுமாப் என்ற மருந்து 2013-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த மருந்து, எலும்பைக் கரைக்கும் அணுக்களைத் தூண்டும் ராங்க்-லைகாண்ட் என்ற மனிதப் புரதத்தைப் பிடிக்கும். எலியின் அதே புரதத்தைப் பிடிக்காது. மனிதப் புரதத்தைச் சுமக்கும் தனி எலியை உருவாக்கிய பிறகே அந்த மருந்தை எலியில் பார்க்க முடிந்தது. சாதாரண எலியில் மட்டும் பார்த்திருந்தால் உதவாத மருந்து என்று ஒதுக்கியிருப்பார்கள்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் இன்னும் எலிகளோடு வேலை செய்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உங்கள் தம்பியைப் போன்றவர்களின் எண்ணிக்கை. ஆஸ்டியோசர்கோமா ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் மூன்று நான்கு பேருக்குத்தான் வருகிறது. சோதித்துப் பார்க்க வாய்ப்புள்ள மருந்துகளோ நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் குழந்தைகளிடம் சோதிக்க அத்தனை குழந்தைகள் இல்லை. இருந்தாலும் அப்படிச் செய்யக் கூடாது. நோய் திரும்பிய ஒரு குழந்தைக்கு இரண்டு சோதனை மருந்துகளுக்கு மேல் முயலப் பெரும்பாலும் நேரம் இருப்பதில்லை. அந்த இரண்டில் ஒன்றாக எந்த மருந்து வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கவே எலி. ஒரு மருந்து ஜெயிக்கும் என்று எலியால் உறுதி கொடுக்க முடியாது. முயலத் தகுதியற்றவற்றை விலக்க ஓரளவு உதவும்.

ஓலாபாரிப் கதையைப் பாருங்கள். புற்றணு தன் டி.என்.ஏ. பழுதைச் சரிசெய்துகொள்வதைத் தடுக்கும் மருந்து அது. ஈவிங் அணுக்கள் இந்த வகை மருந்துக்கு மிகவும் கேட்கின்றன என்று 2012-ல் ஆய்வகத் தட்டுகளில் தெரிந்தது. உடனே நோயாளிகளிடம் சோதித்தார்கள். 12 பேருக்குக் கொடுத்தும் யாருக்கும் கட்டி சுருங்கவில்லை. ஈவிங் கட்டியை எலும்புப் பகுதியிலேயே வைத்த எலிகளிலும் இந்த வகை மருந்து தனியாகப் பெரிதாக உதவவில்லை. அதோடு ஐரினோட்டீகான், டெமோசோலோமைடு என்ற கீமோ மருந்துகளும் சேர்ந்தபோதுதான் பல எலிகளில் கட்டிகள் மறைந்தன. கவனமாக வைக்கப்பட்ட எலி அந்த இடத்தில் தட்டை விட உண்மையைச் சொன்னது. தனியாகக் கொடுத்துப் பயனில்லை என்ற விடைக்கும் மதிப்பு இருக்கிறது. அது நோயாளிகளின் நாள்களைக் காப்பாற்றும்.

ஒரே கட்டியிலிருந்து வந்த பத்து எலிகளைவிட, பத்து நோயாளிகளின் கட்டிகளிலிருந்து வந்த பத்து எலிகள் அதிகம் சொல்லும் என்பதையும் இப்போது கற்றுக்கொண்டிருக்கிறோம். ஆஸ்டியோசர்கோமாவில் குரோமோசோம்கள் நொறுங்கிக் கலைந்து கிடக்கும், ஆளுக்கு ஆள் வேறு மாதிரி. ஒரு கட்டியில் பலித்தது அடுத்ததில் பலிக்க வேண்டியதில்லை. அதனால் ஒரு கட்டிக்கு ஓர் எலி என்று வைத்து, நிறையக் கட்டிகளில் ஒரே மருந்தைப் பார்க்கும் முறை பரவிவருகிறது. எலிகளும் குறைவாகப் போதும்.

இது உங்கள் மூன்றாவது கேள்வியில் கொண்டுவந்து விடுகிறது. தம்பியின் கட்டியை எலியில் வளர்க்கலாமா? வளர்க்கலாம், ஆய்வகங்களில் செய்கிறோம். ஆனால் அவனுடைய சிகிச்சையை முடிவு செய்ய அது நேரத்துக்கு வந்து சேராது. எல்லாக் கட்டிகளும் எலியில் பிடிப்பதில்லை. பிடித்தாலும் முதல் எலியில் வளரப் பல மாதங்கள் ஆகலாம். அதை எடுத்துப் பல எலிகளுக்கு வைத்து மருந்து கொடுத்துப் பார்க்க மேலும் சில மாதங்கள். அதற்குள் அவனுடைய கீமோ முடிந்திருக்கும். இதைப் பணம் வாங்கிக்கொண்டு செய்து தருவதாக யாராவது சொன்னால், தயவுசெய்து கொடுக்காதீர்கள். எலியில் புற்றைக் கரைத்தது என்று சொல்லி விற்கும் பொடி, மாத்திரை எதையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவும் வேண்டாம். மெத்தோட்ரெக்சேட் சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டிய மருந்து. சில சாதாரண வலிமாத்திரைகள்கூட அதைத் தடுத்து உடலில் தேங்கவைத்துவிடும்.

ஆனால் அறுவை சிகிச்சையில் எடுக்கும் கட்டியில், பரிசோதனைக்குப் போக மிஞ்சுவதை ஆராய்ச்சிக்குத் தர முடியுமா என்று மருத்துவமனை கேட்டால், உங்கள் வீட்டுக்கும் தம்பிக்கும் மனம் ஒப்பினால் கொடுங்கள். அவனையும் கேளுங்கள், 15 வயதில் அவனுக்கும் அபிப்பிராயம் இருக்கும். எங்களிடம் உள்ள நல்ல எலிகள் எல்லாம் அப்படி யாரோ ஒரு குடும்பம் கையெழுத்திட்டுக் கொடுத்தவற்றிலிருந்து வந்தவை.

புதிய மருந்து பற்றி மருத்துவரிடம் பேசவே கூடாதா? தாராளமாகப் பேசுங்கள். எலிச் செய்தியைக் காட்டி இது கிடைக்குமா என்று கேட்பதைவிட, இந்த நோய்க்கு மனிதர்களிடம் நடக்கும் சோதனைகளில் தம்பி சேரக்கூடியது ஏதாவது உண்டா, அது இப்போதைய சிகிச்சையோடு சேர்த்தா, நோய் திரும்பினால் மட்டுமா என்று கேளுங்கள். ரெகோராஃபெனிப் போன்ற மருந்துகள் அந்தப் பாதையில்தான் வந்தன. 2019-ல் வெளியான ஒரு சோதனையில், நோய் முற்றிய நிலையில் அதைப் பெற்ற 26 பேரில் 17 பேருக்கு எட்டு வாரம் நோய் வளராமல் நின்றது. வெற்று மாத்திரை பெற்ற 12 பேரில் ஒருவருக்கும் நிற்கவில்லை. சிறிய முன்னேற்றம்தான். ஆனால் அது மனிதர்களிடம் பார்த்த முன்னேற்றம். உங்கள் தம்பிக்கு அது தேவைப்படாமலே போகட்டும் என்பதுதான் என் ஆசை.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு, எடுத்த கட்டியில் எத்தனை சதவீதம் அணுக்கள் இறந்திருக்கின்றன என்று நோயியல் அறிக்கை சொல்லும். 90 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் கீமோவுக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்குக் கீழே வந்தால் வீட்டில் பதற்றம் கிளம்பும், இன்னும் கடுமையான மருந்தைச் சேருங்கள் என்று கேட்கத் தோன்றும். அதைப் பல நாடுகள் சேர்ந்து ஏற்கெனவே சோதித்துவிட்டன. யூராமோஸ்-1 என்ற பெரிய ஆய்வில், 90-க்குக் கீழே வந்தவர்களுக்கு இன்னும் இரண்டு மருந்துகளைச் சேர்த்தும் கூடுதல் பலன் கிடைக்கவில்லை, பக்கவிளைவுதான் கூடியது என்று 2016-ல் முடிவு வெளியானது. தொடங்கிய கீமோவை நாள் தவறாமல் முடிப்பதையே அப்போதும் மருத்துவர் சொல்லக்கூடும். அந்த நோயியல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இனி எந்த மருத்துவரிடம் போனாலும், எந்தச் சோதனையில் சேரக் கேட்டாலும், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.